உக்கிரபாண்டியின் காது மெஷின்

ஞாயிற்றுக்கிழமை காலையில் காது மெஷினைத் துடைப்பது மாரிக்கனியின் வேலை. உக்கிரபாண்டி எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போகும்போது அதைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போவார். அவர் வெந்நீரை விளாவி, சீயக்காய் போட்டு, தலை துவட்டி வெளியே வருவதற்குள் இவள் முடித்துவிட வேண்டும்.

கட்டில் மேல் ஒரு வெள்ளைத் துண்டை மடித்து விரிப்பாள். பேட்டரி மூடியை நகத்தால் நெம்பித் திறந்து, சின்னப் பொட்டு மாதிரி இருக்கும் பேட்டரியை எடுத்து ஓரமாக வைப்பாள். காதுக்குள் போகும் பகுதியைத் தனியே கழற்றி, ஈரத்துணியால் குறும்பியைத் துடைப்பாள். அதற்குப் பிறகுதான் காண்டாக்ட் கிளீனர் டப்பா. அதை மெஷின் மேல் நேராக அடிக்க மாட்டாள். குச்சியில் பஞ்சைச் சுற்றி, பஞ்சின் மேல் ஒரு புஸ். விரல் சில்லென்று ஆகும். பெட்ரோலும் கனிந்த வாழைப்பழமும் கலந்தது மாதிரி ஒரு வாசனை வரும். பேட்டரி உட்காரும் குழியில் இரண்டு பக்கமும் இருக்கும் தகடுகளை அந்தப் பஞ்சால் தடவி எடுத்தால், நுனியில் லேசாகப் பச்சைக் களிம்பு ஒட்டிக்கொண்டு வரும். காதோரத்து வியர்வை செய்கிற வேலை.

துடைத்த சூட்டோடு பேட்டரியைப் போட்டுவிடக் கூடாது. மருந்து பறந்து காய்கிற வரை பொறுக்க வேண்டும். பொறுத்து, பேட்டரியைப் போட்டு, மூடியை அழுத்தி, மெஷினை உள்ளங்கைக்குள் வைத்து மூடுவாள். கைக்குள் அகப்பட்ட சுண்டெலி மாதிரி 'கீ' என்று கத்தும். கத்தினால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

வாரா வாரம் நன்றாகத்தான் கத்தியது. வாரா வாரம் அவர் அதை மாட்டிக்கொண்ட செத்த நேரத்தில் இவள் பேசுவது அவருக்குக் கேட்காமல் போனது.

"லூஸ் காண்டாக்ட்டு" என்று மாரிக்கனி தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். அவளுக்குத் தெரிந்த வியாதி அது.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஆட்டோ கோனர் ஓட்டுகிறாள் மாரிக்கனி. சின்னக் குழல்களில் வரும் நூலை ஒன்றோடொன்று முடிந்து பெரிய கோனாகச் சுற்றுகிற மெஷின். ஒவ்வொரு கோனுக்கும் ஒரு சென்சார் உண்டு. நூலில் தடிப்போ மெலிவோ வந்தால் அறுத்துவிடும். நூல் முறுக்கு கெடாமல் இருக்க ஹாலுக்குள் எந்நேரமும் ஈரக்காற்றை விட்டுக்கொண்டே இருப்பார்கள். ஈரமும் பஞ்சுத் தூசியும் சேர்ந்தால் எந்தப் பித்தளைதான் களிம்பு பிடிக்காது? நல்ல நூலையும் சென்சார் அறுக்கும். சிவப்பு லைட் எரியும். உடனே கிறிஸ்டோவைக் கூப்பிட வேண்டும்.

கிறிஸ்டோ எலெக்ட்ரானிக்ஸ் ஃபிட்டர். மாரிக்கனியின் மகன் வயதுதான், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவான். கரண்டை அணைத்து, பிளக்கை உருவி, ஸ்பிரே அடித்து, நாலு தடவை குத்தி உருவி, காயவிட்டு மாட்டினால் சிவப்பு லைட் அணைந்துவிடும். அவன் செய்வதை எத்தனையோ தடவை பார்த்திருந்ததால், வீட்டுக்காரருடைய காது மெஷின் பற்றி ஒருநாள் அவனிடம் கேட்டாள்.

"மாமாவுக்கு ஸ்பிரே அடிக்கப் போறியளாக்கா? மீசையில பட்டுறாம அடிங்க. சாயம் வெளுத்துறப் போவுது."

"அவிய மீசைக்குச் சாயம் எல்லாம் கெடையாதுப்பா. அது பட்டாளத்து மீசை."

அவன் சிரித்துவிட்டு, அடியில் கொஞ்சம் கிடந்த டப்பா ஒன்றை ஸ்டோரில் சொல்லி வாங்கிக் கொடுத்தான். மைக் ஓட்டைக்குள் மருந்து போனால் மெஷின் செத்துவிடும், பஞ்சில் நனைத்துத் தகட்டை மட்டும் துடைக்க வேண்டும், கிட்டே அடுப்பு எரியக் கூடாது என்று எல்லாம் அவன் சொன்னதுதான். பஞ்சுக்கு மட்டும் அவள் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சேலை மடிப்பை உதறினாலே விழும்.

மாரிக்கனி வத்திராயிருப்புப் பக்கம் பிறந்தவள். உக்கிரபாண்டியைக் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தாள். மடவார் விளாகம் கோயிலுக்குப் பின்னால் இரண்டு அறையும் கொல்லையும் உள்ள வீடு. அவர் பீரங்கிப் பட்டாளத்தில் இருந்தார். வருசத்துக்கு ஒரு லீவு. மிச்ச நாளெல்லாம் அவர் ஒரு குரல்தான். தெருமுனை டெலிபோன் பூத்தில் போய் உட்கார்ந்தால், எந்தப் பனிமலையிலிருந்தோ அந்தக் குரல் விட்டுவிட்டு வரும். "சத்தமாப் பேசுட்டி, கேக்கல" என்பார். மில்லில் சேர்ந்த புதிது. தொண்டை நன்றாகத் திறந்திருந்த காலம். "நல்லா இருக்கேன். பையனுக்குக் காய்ச்சல் விட்டுருச்சு. நீங்க சாப்புட்டியளா?" என்று இவள் கத்துவது பூத்துக்கு வெளியே நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும். பூத்துக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார். இவள் அதற்கெல்லாம் கூசியதில்லை. புருசன் காதில் போய் விழ வேண்டும், அவ்வளவுதான்.

பென்சன் வாங்கிக்கொண்டு வந்தபோது பீரங்கி அவர் காதில் பாதியைத் தின்றிருந்தது. கொஞ்ச காலம் ஒரு ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு நின்றார். கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று என்று ஆனபோது அதையும் விட்டார். ஒரே மகனும் பட்டாளத்துக்குப் போய் வடக்கே இருக்கிறான். பட்டாளத்து ஆஸ்பத்திரி மூலமாக மதுரையில் இந்த மெஷினை வாங்கி மாட்டியபோது, இனிமேலாவது வீட்டில் ஒரு பேச்சுத் துணை இருக்கும் என்று மாரிக்கனி நினைத்தாள்.

பேச்சு என்றால் அவளுக்கு மில்லில்தான். அங்கே ஓடுகிற இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்து மெஷின்காரிக்குக் கேட்காது. ஆகவே யாரும் கத்துவதில்லை. உதட்டை அசைத்தால் போதும், மிச்சத்தைக் கை பார்த்துக்கொள்ளும். தலையில் தொப்பி வைப்பது மாதிரிக் காட்டினால் சூப்பர்வைசர் வருகிறார். வயிற்றைத் தட்டினால் சாப்பாட்டு நேரம். மீசையை முறுக்கினால் உக்கிரபாண்டி. எதிர்வரிசையில் நிற்கும் சேத்தூர் தங்கபாயும் மாரிக்கனியும் அப்படியே குடும்பக் கதை, கோயில் கதை, குழம்புக் கதை எல்லாம் பேசி முடிப்பார்கள். மில்லுக்கு வெளியே வந்தால்தான் வினை. காதடைப்பு விடுகிற வரை எல்லா மில்லுக்காரிகளும் ஊருக்குக் கேட்கிற மாதிரித்தான் பேசுவார்கள். மாரிக்கனிக்கு அந்த அடைப்பு விட்டதே இல்லை. பஸ்ஸில் அவள் டிக்கெட் கேட்டால் டிரைவரும் திரும்பிப் பார்ப்பார்.

அந்தத் திங்கட்கிழமை சூப்பர்வைசர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். கோனர் செக்சன் மொத்தமும் சேத்தூர் தாண்டி தேவதானம் போகும் வழியில் கட்டியிருக்கிற புது மில்லுக்குப் போகிறது. வருகிறவர்களுக்குத் தங்க ரூம் உண்டு, சாப்பாடு உண்டு, சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போய் வரலாம். வர முடியாதவர்கள் கணக்கு முடித்துக்கொள்ளலாம். அடுத்த திங்கட்கிழமை பதில் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் காலை ஷிப்டுக்கு அங்கே போய்ச் சேர முடியாது. ஆக, போனால் தங்கத்தான் வேண்டும்.

அன்று சாயங்காலமே மாரிக்கனி கேட்டுவிட்டாள். உக்கிரபாண்டி டி.வி. முன்னால் உட்கார்ந்து, கீழே ஓடுகிற செய்தி வரியைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கோனர் செக்சன தேவதானம் ரோட்டுக்கு மாத்துதாக. அங்கேயே தங்கணுமாம். போகவா, நின்னுக்கிடவா?"

"ம்?"

"புது மில்லுக்குப் போகவான்னேன்."

"காப்பி இப்ப வேண்டாம். பொறவு குடிக்கேன்."

மறுநாள் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். ஆமென்று ஆட்டினாரா, இல்லையென்று ஆட்டினாரா என்று தெரியவில்லை. புதன்கிழமை நல்ல சத்தமாகக் கேட்டபோது எதிர்வீட்டுப் பரிபூரணம் ஜன்னல் வழியே பதில் சொன்னாள்: "போயிட்டு வாங்க மதினி. சும்மா இருந்து என்ன செய்யப் போறிய?"

உக்கிரபாண்டி மட்டும் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவளுக்கு அவருடைய அனுமதி ஒன்றும் வேண்டியதில்லை. இத்தனை வருசத்தில் எதற்கும் கேட்டுக்கொண்டு நின்றவள் இல்லை. வீட்டுக்கு மேல்தளம் போட்டது, மகனைப் படிக்க வைத்தது எல்லாம் அவள் முடிவுதான். ஆனால் இது வேறு. போகாதே என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அவள் போக மாட்டாள். மில்லை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிடுவாள். அது அவளுக்கே நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வர வேண்டும். வருவதற்கு முதலில் கேள்வி அவர் காதில் விழ வேண்டும்.

"மீசை என்ன சொல்லுது?" என்று தங்கபாய் மறுநாள் எதிர்வரிசையிலிருந்து மீசையை முறுக்கிக் கேட்டாள்.

காதைத் தொட்டு, கையை விரித்துக் காட்டினாள் மாரிக்கனி.

"நீ பேசாம வந்துரு. எங்க ஊருக்குப் பக்கந்தான. சண்டேக்கு எங்க வீட்டுல கருவாட்டுக் கொழம்பு" என்றது தங்கபாயின் உதடு. மீன் மாதிரி நெளித்துக் காட்டிய கைதான் கருவாடு.

அன்று மத்தியானம் அவள் மெஷினில் ஒரு கோன் நின்று நின்று ஓடியது. கிறிஸ்டோ வந்து நின்றால் ஓடும். அவன் திரும்பிப் போனால் சிவப்பு லைட். இரண்டு தடவை ஸ்பிரே அடித்தும் தீரவில்லை.

டீ குடிக்கிற இடத்தில் மாரிக்கனி கேட்டாள். "எங்க வீட்டு மெஷினும் இதே கததான்பா. என் கையில இருக்கும்போது நல்லாக் கத்துது. அவிய காதுக்குப் போனா நின்னு போவுது. மருந்து பத்தலையோ?"

"இந்த மாதிரி விட்டுவிட்டு வார ஃபால்ட்டு இருக்கு பாருங்க, இதுதான்க்கா மோசமான ஃபால்ட்டு. இதுக்கு மருந்த அடிச்சுக்கிட்டே இருக்கப்படாது. பக்கத்துல நின்னு பாக்கணும். எப்ப நிக்கி, அப்ப என்ன நடக்கு, யாரு கிட்ட வாரா, எந்தக் கதவு தொறக்கு. இப்பக்கூட பாருங்க, பஞ்சு ஊதுத அந்த ஏர் பைப்பு ஆடும்போதுதான் வயரு இழுக்கி. நான் வந்ததும் நீங்க பைப்ப மாட்டி வச்சிருதிய. ஓடுது."

நல்ல யோசனைதான் என்று மாரிக்கனி நினைத்தாள். ஆனால் வீட்டில் இருக்கிற நேரம் முழுக்க அடுப்படியும் கொல்லையுமாகப் போய்விடுகிறது. பக்கத்தில் நின்று பார்க்க எங்கே நேரம்?

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் பாண்டிச்செல்வத்தின் ஸ்கூட்டர் நின்றது. உக்கிரபாண்டியோடு ஒரே பட்டாளத்தில் இருந்தவர். கிருஷ்ணன்கோவில்காரர். மாதம் ஒரு தடவை வந்து பழைய கதை பேசிவிட்டுப் போவார். கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு போகலாமென்று மாரிக்கனி பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போனாள். காது கேட்காதவர்களுடைய ரகசியம் தெருவுக்கே கேட்கும். கொல்லைக்குக் கேட்கச் சொல்லவா வேண்டும்?

"மெசினு நல்லாத்தாம்ல வேல செய்யிது" என்றார் உக்கிரபாண்டி. "இவளும் மருந்து வாங்கியாந்து வாரா வாரம் தொடச்சு வைக்கா. பாவம்."

"பெறகு எதுக்கு ஆஃப் பண்ணி விடுத?"

"நீ மாட்டிப் பாரு தெரியும். மில்லுக்காரி சத்தம். தகரத்துல ஜல்லியக் கொட்டுன மாதிரி மண்டைக்குள்ள எறங்கும். மூடிய லேசா நெம்பி விட்டா நிம்மதியா இருக்கு."

"என்னமும் அவசரமாச் சொன்னா என்ன செய்வ?"

"என்ன அவசரம்? புது மில்லுக்குப் போகவான்னு கேக்கா. திங்கக்கெழமையிலருந்து இதே கேள்விதான்."

"நீ என்ன சொன்ன?"

மாரிக்கனி கொடியிலிருந்து எடுத்த பனியனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னத்தலே சொல்ல?" என்றார் உக்கிரபாண்டி. "போகாதன்னா, ஒங்க பென்சன்ல ஒக்காந்து திங்கவான்னு கேப்பா. போன்னு சொன்னா போயிருவா."

அவள் துணியையெல்லாம் எடுத்து முடித்தாள். கிளிப்புகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். பின்வாசல் வழியாக உள்ளே போய், காப்பி போட்டு, இரண்டு டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். அவள் நிழல் நிலைப்படியில் விழுந்ததும் உக்கிரபாண்டியின் கை மேலே போயிற்று. ஆள்காட்டி விரல் காதுக்குப் பின்னால் அரிப்பைச் சொறிகிற மாதிரி ஒரு தடவு தடவிவிட்டு இறங்கியது. எத்தனையோ நாள் பார்த்த கைதான். பிளாஸ்டிக் உறுத்துகிறது போல என்று நினைத்து அவள் அங்கே தேங்காயெண்ணெய்கூடத் தேய்த்துவிட்டிருக்கிறாள்.

"என்ன தாயி, ஷிப்டு முடிஞ்சிருச்சா?" என்று பாண்டிச்செல்வம் டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"முடிஞ்சிருச்சுண்ணே" என்றாள். குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு வந்தது. பாண்டிச்செல்வம் நிமிர்ந்து பார்த்தார். உக்கிரபாண்டி செய்தி வரியைப் படித்துக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி வரை மாரிக்கனி தன் சத்தத்தையே கவனித்துக்கொண்டிருந்தாள். பால்காரரிடம் பேசியது, பரிபூரணத்திடம் கறிவேப்பிலை கேட்டது. எல்லாம் கொஞ்சம் உரக்கத்தான் இருந்தது. அடுப்படியில் யாரும் இல்லாத நேரத்தில் தொண்டையை ஒடுக்கி, "ஏங்க" என்று சொல்லிப் பார்த்தாள். வேறு எவளோ சொல்வது மாதிரி இருந்தது. மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். குழம்பு கொதிக்கிற சத்தத்தில் அது அமுங்கிப் போயிற்று. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். பெரிதாக ஒன்றும் வரவில்லை. 'பாவம்' என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் பல் இடுக்கில் மாட்டிய நார் மாதிரி நின்றது. வாரா வாரம் உள்ளங்கைக்குள் அது கத்தியதையும் தான் சந்தோசப்பட்டதையும் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலத் துண்டை விரித்தாள். மூடியைத் திறந்தாள். குறும்பியை எடுத்தாள். பஞ்சில் ஒரு புஸ் அடித்துத் தகட்டைத் தடவினாள். காய விட்டாள். பேட்டரியைப் போட்டுக் கையை மூடியபோது அது கத்தியது. கொஞ்ச நேரம் கத்தட்டும் என்று விட்டாள்.

உக்கிரபாண்டி தலையைத் துவட்டிக்கொண்டே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். எப்போதும் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போகிறவள் அன்றைக்குத் தன் கையாலேயே அதை அவர் காதில் மாட்டினாள். குழாயைக் காது மடலுக்குப் பின்னால் சரி செய்தாள். மூடி சரியாக அழுந்தியிருக்கிறதா என்று நகத்தை வைத்துப் பார்த்தாள். அவர் சற்று நெளிந்தார். கையைத் தூக்கப் போனவர், அவள் கை அங்கே இருந்ததால் இறக்கிக்கொண்டார்.

பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுப்படியில் பழகிய சின்னக் குரலில் சொன்னாள்.

"ஏங்க. நாளைக்கு மில்லுல பதில் சொல்லணும். நான் போகவா, இங்கன ஒங்களோட இருந்துக்கிடவா?"

தலை துவட்டுகிற கை நின்றது. கேட்டுவிட்டது என்பதற்கு மாரிக்கனிக்கு அதற்கு மேல் அடையாளம் தேவைப்படவில்லை. துண்டுக்குக் கீழே அவர் முகம் பாதி மறைந்திருந்தது. மீசையில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது. தெருவில் ஒரு காய்கறி வண்டி விலை கூவிக்கொண்டு போய் மறைகிற வரைக்கும் அவள் காத்திருந்தாள்.

பிறகு அவர் மறுபடி துவட்ட ஆரம்பித்தார்.

"இன்னும் சரியா வரலட்டி" என்றார். "கரகரங்குது. லூஸ் காண்டாக்ட்டுதான் போல. அந்த மருந்த இன்னும் செத்த நல்லா அடிச்சுப் பாரேன்."

மாரிக்கனி அவரையே பார்த்தாள். கொல்லையில் நின்று கேட்டதைச் சொல்லலாம். கத்திக் கேட்கலாம், கேட்டால் பரிபூரணம் இன்னொரு தடவை பதில் சொல்லுவாள். மில்லுப் பழக்கத்தில் உதடு மட்டும் அசைந்தது. சரி, நான் போறேன் என்றது. தங்கபாயாக இருந்தால் எதிர்வரிசையிலிருந்தே படித்திருப்பாள்.

உக்கிரபாண்டி துண்டை இறக்கினார். அவள் வாயைப் பார்த்தார். அவர் விரல் காதுக்குப் பின்னால் போயிற்று. மூடி அழுந்தித்தான் இருந்தது. இன்னும் ஒரு தடவை அழுத்தினார்.

"என்னட்டி சொன்ன?"

அவள் எழுந்து வெள்ளைத் துண்டை உதறினாள். களிம்புப் பஞ்சைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, ஒன்னத்தான். என்ன சொன்னன்னு கேக்கேன். ஒண்ணுமே கேக்கலையே. பேட்டரி போயிருச்சா?"

ஸ்பிரே டப்பாவை ஜன்னல் கட்டையில் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, மாரிக்கனி அறையை விட்டு வெளியே போனாள்.